வேலைக்காரியா, பணிப்பெண்ணா, வீட்டுப் பணியாளரா: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிடும். 'வேலைக்காரிகள்' என்று எழுதக் கை கூசுகிறது. 'பணிப்பெண்கள்' என்றால் விமானம் ஞாபகத்துக்கு வருகிறது. 'மெய்டு' தமிழ் அறிவிப்பில் ஒட்டவில்லை. செய்தி எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், சம்பள ஒப்பந்தம் எழுதும் வீட்டார், நல வாரிய விண்ணப்பம் நிரப்பித் தருபவர் எல்லோரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பலரும் உடனே அகராதியைத் திறந்து எந்தச் சொல்லின் வேர் கௌரவமானது என்று தேடுவார்கள். அந்த வழியில் போனால் குழப்பம்தான் கூடும். ஏன் என்பது 'பணி'யைப் பற்றிய பகுதியில் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் சோதனை வினைமுற்று. சொல்லுக்குப் பின்னால் தானாக வருவது 'வந்தாள்' என்பதா, 'வந்தார்' என்பதா? "டிரைவர் வந்துட்டாரு, வேலைக்காரி வந்துட்டா" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இருவருக்கும் அதே வீட்டிலிருந்து, அதே தேதியில்தான் சம்பளம் போகிறது. தமிழில் மரியாதை வினைமுற்றில் தெரிந்துவிடும். எந்த முற்றைத் தன்னோடு இழுத்துவருகிறது என்பதே ஒரு சொல்லின் உண்மையான நிறம்.

இரண்டாவது, அதே சொல் வேறு யாருக்கெல்லாம் வழங்குகிறது என்பது. கலெக்டருக்கும் இவருக்கும் பொதுவாக இருந்தால் ஒரு நிலை, அரண்மனைக் கதைகளில் மட்டும் வந்தால் வேறு நிலை.

மூன்றாவது, ஆண்களையும் உள்ளடக்குமா என்பது. சமையல்காரர், தோட்டக்காரர், முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ஆண் எல்லோரும் இந்த வகைதான். நான்காவது, எல்லை: பிறர் வீட்டில் கூலிக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிக்கிறதா, வேறு எதனோடாவது குழம்புகிறதா? ஐந்தாவது, அரசு அலுவலகக் காகிதத்தில் செல்லுபடியாகுமா? ஆறாவது, வாயில் வருமா? வேர்ச்சொல் வரலாற்றுக்குக் கடைசி இடம் போதும்.

## வேலைக்காரி, வேலைக்காரர், வேலைக்காரம்மா

'வேலை' பழைய நூல்களில் கடல், கடற்கரை, பொழுது என்றெல்லாம் பொருள்பட வரும் சொல். 'காரர்' வடமொழி 'கார' வழி வந்தது. செய்பவர், உடையவர் என்று பொருள். கடைக்காரர், பால்காரர், சொந்தக்காரர், பணக்காரர், வீட்டுக்காரர் எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. ஆக, இரண்டு பாதியையும் தனித்தனியே சோதித்தால் அழுக்கு எதுவும் கிடைக்காது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் "கொத்தனார் நல்ல வேலைக்காரர்" என்றால் அது பாராட்டு. கைத்திறன் உள்ளவர் என்று பொருள். "ஆள் பெரிய வேலைக்காரன்" என்றால் சாமர்த்தியசாலி. அதே சொல் பெண்பால் ஏற்று வீட்டு வாசலுக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது. காரணம் விகுதி. '-காரி' ஒருமை, மரியாதை இல்லாத ஒருமை. 'வேலைக்காரி வந்தார்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். வங்கியில் இருப்பவரும் வேலைதான் செய்கிறார். ஆனால் அவர் 'வேலையில் இருக்கிறார்', 'வேலை பார்க்கிறார்'. யாரும் அவரை வேலைக்காரர் என்பதில்லை.

'வேலைக்காரம்மா' பேச்சு கண்டுபிடித்த சமரசம். "வேலைக்காரம்மா வந்தாங்க" என்று மரியாதை முற்று இயல்பாக வருகிறது. பூக்காரம்மா, தயிர்க்காரம்மா வரிசையில் பொருந்தியும் நிற்கிறது. நடுத்தர வயதுப் பெண்ணைப் பற்றி, பெயர் தெரியாத மூன்றாமவரிடம் சொல்ல இது போதும். இருபது வயதுப் பெண்ணுக்கு ஒத்துவராது, ஆணுக்குச் சொல்லவே முடியாது, எழுத்துக்கும் ஏறாது. இன்னொரு செலவும் உண்டு: வீட்டுக் குழந்தை இதைப் பெயர் என்றே நினைத்துக்கொண்டு நேரில் அப்படியே கூப்பிடும்.

'வேலைக்காரி'க்கு இன்றும் நியாயமான ஓர் இடம் இருக்கிறது: 1950களில் நடக்கும் கதையின் உரையாடல். பண்ணை வீட்டுப் பாட்டி "வீட்டுப் பணியாளர் வந்தாரா?" என்று கேட்டால் வாசகர் சிரித்துவிடுவார். பழைய வீட்டின் ஏற்றத்தாழ்வைக் காட்ட வேண்டிய இடத்தில் சொல்லைத் துடைத்து வைப்பது அந்தக் காலத்தைத் துடைப்பதாகிவிடும். கதைசொல்லியின் குரலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

## பணிப்பெண்

'பணி'யின் அடியில் இருப்பது பணிதல், அதாவது குனிதல், தாழ்தல். 'பணியுமாம் என்றும் பெருமை' என்ற குறளில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. அப்பரின் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்பதில் அது இறைவனுக்குச் செய்யும் தொண்டு. வேரை வைத்துத் தீர்ப்பு சொல்வதானால், 'வேலை'யைத் தள்ளிவிட்டு 'பணி'க்குப் போவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது. ஆனால் நடந்தது வேறு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற பெயரில் எவருக்கும் குனிதல் தெரிவதில்லை. 'இந்திய ஆட்சிப் பணி' என்ற தொடரில் ஆள்வதும் பணிவதும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. யாரும் கவனிப்பதுகூட இல்லை.

'ஊழியம்' இன்னும் தூரம் பயணம் செய்த சொல். திருவிதாங்கூரில் அது கூலி இல்லாத கட்டாய உழைப்பு. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட இலங்கையில் செட்டிகள் மீதும் சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் மீதும் சுமத்தப்பட்ட கட்டாய சேவை. இன்று வங்கி ஊழியர் சங்கம் அந்தச் சொல்லைக் கொடியில் எழுதி ஊர்வலம் போகிறது. தேவாலயத்தில் ஊழியக்காரர் என்றால் மதிப்புக்குரிய போதகர். பழைய செவிலித்தாயிலிருந்து வந்த 'செவிலியர்' இன்று பட்டம் பெற்ற மருத்துவத் தொழிலின் பெயர். சொல் யார் கையில் போய்ச் சேர்கிறதோ அவர்களுடைய சம்பளமும் அதிகாரமும்தான் அதற்கு நிறம் ஏற்றுகின்றன.

இப்படிப் பார்த்தால் 'பணிப்பெண்'ணின் சிக்கல் பணியில் இல்லை, பெண்ணில் இருக்கிறது. ஆண்கள் வெளியே நிற்கிறார்கள். வயது கடந்தவரையும் 'பெண்' என்று சிறுமியாக்கும் தொனி ஒட்டிக்கொள்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு விமானப் பணிப்பெண்ணோ, ராஜா ராணிக் கதையில் சாமரம் வீசுபவரோ முதலில் தோன்றுவார்.

ஆனால் வாசகர் எந்த ஊர் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். சிங்கப்பூர்த் தமிழில் 'இல்லப் பணிப்பெண்' நிலைத்துவிட்ட செய்திச் சொல். இலங்கையில், மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போகும் பெண்களைப் பற்றிய செய்தி என்றால் 'வீட்டுப் பணிப்பெண்' என்பதே வழக்கு. அங்குள்ளவர்களுக்கு எழுதும்போது தமிழ்நாட்டு அரசுச் சொல்லைத் திணித்தால் யாரைப் பற்றிய செய்தி என்பதே புரியாமல் போகலாம்.

## வீட்டுப் பணியாளர்

தமிழ்நாட்டு அலுவலகக் காகிதத்துக்கு இதுதான் சொல். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007இல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைந்தது. அதன் பெயரிலேயே 'வீட்டுப் பணியாளர்' இருக்கிறது. வாரியப் பதிவு 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு. வீட்டார் எழுதித் தரும் கடிதத்தில் 'வீட்டில் உதவிக்கு வருகிறார்' என்று இருந்து, விண்ணப்பத்தில் 'வீட்டுப் பணியாளர்' என்று இருந்தால் இரண்டு காகிதமும் ஒன்றையொன்று தாங்காது. ஒரே சொல்லை இரண்டிலும் எழுதுங்கள்.

நிறைகள்: ஆண், பெண் இருவருக்கும் பொது, 'வந்தார்' தானாக வரும், அரசுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் என்ற வரிசையில் நிற்கும். 'வீட்டு'க்குப் பின் 'ப்' விடக்கூடாது.

குறைகள் மூன்று. பேச்சில் வராது, "வீட்டுப் பணியாளர் இன்னைக்கு லீவு" என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அடுத்து, 'பணியாளர்' ஒருவரா பலரா என்பது தெளிவில்லை. பலரைக் குறிக்க 'பணியாளர்கள்' என்று 'கள்' சேர்த்தே எழுதுவது நல்லது. மூன்றாவதுதான் அடுக்குமாடி அறிவிப்புகளைக் கெடுப்பது: 'வீட்டு' என்ற அடையை விட்டுவிட்டு வெறும் 'பணியாளர்கள்' என்று எழுதினால் காவலாளி, தோட்டம் பார்ப்பவர், லிஃப்ட் ஆபரேட்டர் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சம்பளம் தருவது சங்கம். வீட்டுப் பணியாளருக்குத் தருவது வீடு. விடுப்பு, வருகைப் பதிவு, பொறுப்பு எல்லாமே வேறு.

## வீட்டு வேலைத் தொழிலாளர்

தொழிற்சங்கங்கள் விரும்பும் சொல். 'தொழிலாளர்' என்றதும் கூலி, வேலை நேரம், வார விடுப்பு, சங்கம் எல்லாம் கூடவே வருகின்றன. இதன் பக்கத்திலும் பழைய நிழல் உண்டு: அடிமைப்பெண்ணைக் குறித்த 'தொழுத்தை', அடிமைத்தனத்தைக் குறித்த 'தொழும்பு' இரண்டும் ஒலியால் இதற்கு நெருங்கியவை. அந்த நிழல் இன்று யார் மீதும் விழவில்லை.

வீட்டு வேலைத் தொழிலாளர் பற்றிய, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று ஜெனிவாவில் நிறைவேறியது. ஜூன் 16ஐ இவர்களுக்கான நாளாகக் கடைப்பிடிப்பது அதனால்தான். இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆனால் அதன் வரையறை சொல் தேர்வுக்குப் பெரிதும் உதவும்: ஒரு வீட்டிலோ பல வீடுகளிலோ, அல்லது அவ்வீடுகளுக்காகவோ, வேலை கொடுப்பவர்–செய்பவர் என்ற உறவில் செய்யும் வேலை. எப்போதாவது, பிழைப்பாக இல்லாமல் செய்வது இதில் சேராது. ஒருநாள் மாலை குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வீட்டு வேலைத் தொழிலாளர் இல்லை. நாலு வீட்டில் தலா ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்ப்பவர் நிச்சயம் அதுதான்.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கும் பிழை இங்கே இருக்கிறது. நீளம் கருதி நடுவிலுள்ள 'வேலை'யை வெட்டி 'வீட்டுத் தொழிலாளர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தன் வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுற்றுபவரையும் அப்பளம் இடுபவரையும் குறிக்கும். அவர்களுக்கான உடன்படிக்கையே வேறு: 1996இல் வந்த 177ஆம் எண். ஒரு சொல் விழுந்ததில் கட்டுரை முழுக்க வேறு ஆட்களைப் பற்றியதாக மாறிவிடும். 'த்' விடாமல், மூன்று சொல்லையும் முழுசாக எழுதுங்கள்.

'பணியாளர்', 'தொழிலாளர்' இரண்டில் எது என்பவருக்கு: அலுவலக விண்ணப்பம் என்றால் முன்னது, கூலி, உரிமை, சங்கம் பற்றிய கட்டுரை என்றால் பின்னது. ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதைத் தவிருங்கள். இருவேறு பிரிவினர் என்று நினைக்க இடம் கொடுக்கும்.

## ஆயா

போர்த்துக்கீசிய 'ஆயா'வுக்குப் பொருள் குழந்தையை வளர்ப்பவள். அதன் பின்னால் பாட்டி என்று பொருள்படும் லத்தீன் 'ஆவியா' இருக்கிறது. தமிழிலோ 'ஆய்', 'ஆயி' என்று தாயைக் குறிக்கும் சொற்கள் முன்பே இருந்தன. செட்டிநாட்டிலும் வட மாவட்டங்களிலும் ஆயா என்றால் பாட்டி. வந்த சொல்லும் இருந்த சொல்லும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துகொண்டன. வெள்ளைக்காரக் குடும்பங்களோடு கப்பலேறிய ஆயாக்கள் சிலர் லண்டனில் கைவிடப்பட்டு, ஹாக்னியில் இருந்த 'ஆயாக்கள் இல்லத்'தில் தங்கினார்கள். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம் ஆயாக் கொட்டகை.

இன்று இதன் எல்லை சுருங்கிவிட்டது: பள்ளி, மருத்துவமனை, குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. பாத்திரம் தேய்ப்பவருக்கு இது பொருந்தாது. அங்கன்வாடியில் பதவிப் பெயர் 'உதவியாளர்'. ஊரார் வாயில் ஆயாதான். பேச்சில் பாசமாக ஒலிக்கும். பதவிப் பெயராக எழுதும்போது மட்டும் வயதையும் படிப்பின்மையையும் சேர்த்துச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. அங்கே 'குழந்தைப் பராமரிப்பாளர்', 'நோயாளிப் பராமரிப்பாளர்' என்று வேலையைச் சொல்லுங்கள்.

## மெய்டு, சர்வெண்ட், ஹெல்பர்

ஆங்கிலம் என்பதால் நாசூக்கு என்று நினைப்பது ஏமாற்றம். 'மெய்டு' கன்னிப்பெண்ணைக் குறிக்கும் 'மெய்டன்' என்பதன் சுருக்கம்; 'சர்வெண்ட்' லத்தீனில் அடிமையைக் குறிக்கும் 'செர்வுஸ்' வழி வந்தது. வேரை விடுங்கள், வினைமுற்றைப் பாருங்கள். "மெய்டு வந்துட்டா" என்றுதான் வருகிறது. வேலைக்காரியை ஏசி அறைக்குள் உட்கார வைத்ததுதான் மிச்சம்.

## உதவியாளர், 'நம்ம வீட்டுல ஒருத்தர்'

காதுக்கு இனிமை, ஆனால் மறைமுகச் செலவு அதிகம். உதவி என்றால் விருப்பத்தில் செய்வது. அதற்குச் சம்பள உயர்வு கேட்பது கூச்சமாகிவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணமாகவோ பொருளாகவோ ஊதியம் பெற்று, நேரடியாகவோ முகவர் வழியாகவோ, பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ வீட்டு வேலை செய்யும் பெண்ணைத் தன் வரையறைக்குள் எடுத்துக்கொள்கிறது. வேலை கொடுப்பவரின் குடும்பத்தார் அதில் சேர மாட்டார்கள். 'குடும்பத்தில் ஒருவர்' என்ற அன்புச் சொல், தகராறு வரும் நாளில் வேலை உறவையே மங்கலாக்கும்.

## ஒரே பார்வையில்

| சொல் | முற்று | ஆண்களுக்கும்? | அலுவலகத்தில் | பேச்சில் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| வேலைக்காரி | வந்தாள் | இல்லை | வேண்டாம் | வரும் | பழங்காலக் கதையின் உரையாடல் |
| வேலைக்காரம்மா | வந்தாங்க | இல்லை | வேண்டாம் | வரும் | பெயர் தெரியாதபோது பேச்சில் |
| பணிப்பெண் | இரண்டும் | இல்லை | தமிழ்நாட்டில் வேண்டாம் | அரிது | சிங்கப்பூர், இலங்கைச் செய்திகள் |
| வீட்டுப் பணியாளர் | வந்தார் | ஆம் | ஆம் | வராது | விண்ணப்பம், ஒப்பந்தம், அறிவிப்பு |
| வீட்டு வேலைத் தொழிலாளர் | வந்தார் | ஆம் | ஆம் | சங்கத்தில் வரும் | கூலி, உரிமை பற்றிய எழுத்து |
| ஆயா | இரண்டும் | இல்லை | பதவிப் பெயராக வேண்டாம் | வரும் | குழந்தை, நோயாளி பராமரிப்பு |
| உதவியாளர் | வந்தார் | ஆம் | தவறாகப் புரியும் | அரிது | அங்கன்வாடி போன்ற பதவிகள் |

## அறிவிப்பு எழுதும்போது

'வேலைக்காரிகள் முன்பக்க லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்பதை 'வீட்டுப் பணியாளர்கள் முன்பக்க லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று திருத்தினால் அவமானம் அப்படியே இருக்கும். இலக்கணம் மட்டும் சரியாகும். விதியே தேவையா என்று முதலில் பாருங்கள். குப்பை வாளி, துணி மூட்டை கொண்டுபோவதுதான் பிரச்சினை என்றால், 'குப்பை, பெரிய மூட்டைகள் எடுத்துச் செல்பவர்கள் பின்பக்க லிஃப்டைப் பயன்படுத்தவும்' என்று எழுதலாம். குடியிருப்பவருக்கும் அது பொருந்தும். எந்தச் சொல் என்ற தலைவலியும் இல்லை.

## ஒப்பந்தம் எழுதும்போது

முதல் வரியில் பெயரும் 'வீட்டுப் பணியாளர்' என்ற சொல்லும் ஒருமுறை வந்தால் போதும். பிறகு பெயர் மட்டும். சண்டை வருவது எப்போதும் வேலைப் பட்டியலில்தான். 'மேல்வேலை' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். ஒரு வீட்டில் அது பெருக்கித் துடைப்பது, இன்னொரு வீட்டில் துணி மடிப்பதும் காய் நறுக்குவதும் சேர்ந்தது. 'பத்துப்பாத்திரம்' என்றால் எண்ணிக்கை பத்து இல்லை. சோற்றுப் பருக்கை பற்றிய பாத்திரம், பற்றுப்பாத்திரம். எனவே ஒருவேளைப் பாத்திரமா, இரவுப் பாத்திரமும் சேர்த்தா, விருந்தாளி வரும் நாளில் கூடுதல் தொகை உண்டா என்று எழுதுங்கள். துணி மெஷினிலா கையாலா, போர்வை வாரத்துக்கு எத்தனை, மாதம் எத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு, வீட்டார் ஊருக்குப் போகும் நாள்களுக்குச் சம்பளம் உண்டா, தீபாவளிக்கு என்ன, சம்பளத் தேதி எது. இதில் வீட்டார் ஊருக்குப் போகும் நாள்கள்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

14 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்தச் சொல்லும் பொருந்தாது. வீட்டு வேலைக்கு அவர்களை வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை.

## நேரில் கூப்பிடும்போது

இங்கே மேலே சொன்ன ஒன்றுமே வேண்டாம். வயதில் மூத்தவர் என்றால் அக்கா, அம்மா. இளையவர் என்றால் பெயர், அதோடு 'வாங்க, போங்க'. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே 'வா, போ' என்றால் உறவுச் சொல் வெறும் பூச்சு. குழந்தைகளுக்குப் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: செல்வி அக்கா, மேரி ஆன்ட்டி. மூன்றாமவரிடம் சொல்லும்போதும் பெயரே சுலபம்: "செல்வி அக்கா நாளைக்கு வரமாட்டாங்க."

சமையலறைத் தினக்காலண்டரில் 'மெய்டு லீவ்' என்று கிறுக்கும் பழக்கம் இருந்தால் அங்கேயும் பெயரை எழுதுங்கள். சமையலுக்கு ஒருவர், பாத்திரத்துக்கு ஒருவர் வரும் வீட்டில், மாதக் கடைசியில் யாருடைய லீவு அது என்று இருவர் சம்பளத்திலும் கை வைக்காமல் இருக்க வேறு வழியில்லை.